கை தூக்கினால் தோள் வலிக்கிறதா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்பட்டுள்ளது.)



மகளிர் ஆரோக்கியம் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தசோகை, சத்துணவு என்று ஒரு பேச்சும் எழுதிக் கொண்டுவந்தேன். காலையில் நீங்கள் தீர்மானம் போட்டதைப் பார்த்த பிறகு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

வரவு செலவு வாசித்து முடித்ததும் தலைவி அம்மா, "ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்கள். எல்லோரும் தூக்கினீர்கள். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் வலது கையை நேராக மேலே தூக்கினார்கள். சிலர் இடது கையைத் தூக்கினார்கள். இன்னும் சிலர், வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காது வரைக்கும் கொண்டுவந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறக்கினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கவே இல்லை. தீர்மானத்துக்கு எதிர்ப்போ என்று நினைத்தேன். தேநீர் இடைவேளையில் போய்க் கேட்டால், "எதிர்ப்பெல்லாம் இல்லம்மா, கை வரல" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "போன பொங்கலுக்கு வெள்ளை அடிச்சேன். அதுலருந்து" என்றார்.

அதனால் இன்றைக்குத் தோள்பட்டை வலி பற்றியே பேசிவிடுகிறேன். எல்லாத் தோள் வலியும் இல்லை. கையைத் தூக்கும்போது மட்டும் சுருக்கென்று பிடிக்கிற அந்த வலி. டாக்டர் சீட்டில் இதை 'இம்பிஞ்ச்மென்ட் சிண்ட்ரோம்' என்று எழுதுவார்கள். தமிழில் சொன்னால், தோளுக்குள்ளே நசுங்குகிற வலி.

முதலில் தோள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். ஆட்டுக்கல்லில் குழவி குழிக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கும் அல்லவா? நம் இடுப்பு மூட்டு அப்படி. ஆழமானது, லேசில் நழுவாது. தோள் மூட்டு அப்படி இல்லை. தாம்பாளத்தில் வைத்த தேங்காய் மாதிரி. தட்டு சின்னது, தேங்காய் பெரியது. கையை முன்னே, பின்னே, தலைக்கு மேலே என்று எல்லாப் பக்கமும் சுழற்ற வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைந்திருக்கிறது. அந்தத் தேங்காய் உருண்டு விழாமல் நாலு பக்கமும் நாலு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இவை நாலும் சின்னத் தசைகள்தான். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் இந்த நாலும் சேர்ந்து அந்த உருண்டையைத் தட்டின் நடுவிலேயே இழுத்து வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் தோளின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக ஒரு எலும்பு தட்டுப்படும். அது மேலே கூரை மாதிரி. கூரைக்கும் கீழே உள்ள உருண்டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, உங்கள் சுண்டு விரலின் அகலம்தான், சுமார் 1 சென்டிமீட்டர். அந்தச் சந்துக்குள்ளேதான் ஒரு தசைநாண் போகிறது. நாண் என்றால் தசையை எலும்போடு கட்டி வைக்கிற கயிறு. ஊரில் இதையும் நரம்பு என்றுதான் சொல்வோம், ஆனால் இது நரம்பு இல்லை. அந்த நாணுக்கு மேலே உராய்வு வராமல் இருக்க வழவழப்பான ஒரு சின்ன நீர்ப்பை.

கையைத் தூக்கத் தூக்க இந்தச் சந்து குறுகும். எல்லோருக்கும் குறுகும், அது இயற்கை. தசைகள் பலமாக இருந்து உருண்டையைக் கீழே பிடித்து வைத்தால் பிரச்சினை இல்லை. தசைகள் களைத்துப்போனால் உருண்டை மேலே ஏறும், நாணும் நீர்ப்பையும் நடுவில் மாட்டும், வீங்கும். வீங்கினால் சந்தில் இடம் இன்னும் குறையும்.

இது நமக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தலைக்கு மேலே கை போகாத வேலை நம்மில் யாருக்கு இருக்கிறது? சித்தாள் வேலையில் செங்கல்லைத் தலைக்கு ஏற்றி இறக்குவது, நூறு நாள் வேலையில் மண் சட்டியை மேட்டில் நிற்கிறவருக்கு எட்டிக் கொடுப்பது, வெள்ளையடிப்பது, முருங்கை பறிப்பது, கொடியில் நனைந்த துணியை வீசிப் போடுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வேலைக்குப் போவது. தையல்காரத் தங்கச்சிகள் "நான் கையைத் தூக்குறதே இல்லையே" என்பார்கள். மிஷினுக்கு முன்னால் தோளைக் காது வரைக்கும் தூக்கி வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுவும் அதே சுமைதான். நாற்பது வயதுக்கு மேல் அந்த நாண் தானாகவே கொஞ்சம் நலியும். சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதலாக.

இனி எங்கள் வீட்டுக் கதை. மேடையில் சொல்லலாமா என்று அம்மாவிடம் நேற்றே கேட்டுவிட்டேன். "சொல்லு, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார்.

எங்கள் அம்மாவும் ஒரு மகளிர் குழுவின் பொருளாளராக இருந்தவர்தான். சித்தாள் வேலை. நான் பிசியோதெரபி இரண்டாம் வருடம் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். தோள் மூட்டின் நாலு தசைகளின் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் அம்மாவுக்கு வலது தோள் பிடித்திருக்கிறது. போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். வேலைக்குப் போகாவிட்டால் என் பீஸ் கட்ட முடியாதே என்று மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு மாதம் செங்கல் சுமந்திருக்கிறார். பிறகு இராத்திரி தூக்கமே போனதும் டவுனில் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே, "எலும்பு தேஞ்சு உரசுது, கையை அசைக்கவே கூடாது" என்று சொல்லித் தூளி மாதிரி ஒரு பட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழற்றாமல் போட்டிருந்தார்.

விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது தம்பி அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தான். பத்தாவது படிக்கிற பையன். கோணல்மாணலாக ஒரு பின்னல். அம்மா சிரித்துக்கொண்டே, "பொம்பளைப் புள்ள நீ இல்லாததுக்கு இவன் பழகிட்டான்" என்றார். பட்டையைக் கழற்றி என் கையால் தூக்கிப் பார்த்தேன். கை ஒரு சாணுக்கு மேல் வரவில்லை. இறுகிப் போயிருந்தது. சர்க்கரையும் பார்த்தோம், அதுவும் அதிகம். அதுவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அந்தத் தோள் இளகி வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. குழுவில் வாங்கிய உள்கடன் அதற்கு முன்பே அடைந்துவிட்டது.

நான் இதைச் சொல்வது யாரையும் குறை கூறுவதற்காக இல்லை. நசுங்கல் வலியாக ஆரம்பித்ததை மூன்று மாதத்தில் சரி செய்திருக்கலாம். அசைக்காமல் கட்டிப்போட்டதும், சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்து அதை இறுகின தோளாக ஆக்கிவிட்டன. அம்மாவைக் கட்டிப்போட்டது அந்தப் பட்டையை விட "எலும்பு தேஞ்சிருச்சு" என்ற அந்தச் சொல்தான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. தேய்ந்துவிட்டது என்றால் அசைத்தால் இன்னும் தேயும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1972-இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், மேலே உள்ள கூரை எலும்பு கீழே இருக்கிற நாணில் உரசுவதால்தான் இந்த வலி வருகிறது, கூரையின் அடிப்பக்கத்தைச் சீவி எடுத்தால் சரியாகிவிடும் என்று எழுதினார். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. பிறகு இங்கிலாந்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். வலி உள்ளவர்களை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு எலும்பைச் சீவி ஆபரேஷன். இன்னொரு பங்குக்குத் தோளில் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் தைத்துவிட்டார்கள். மூன்றாவது பங்குக்கு ஒன்றுமே செய்யவில்லை. முதல் இரண்டு பங்கில் யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. 2018-இல் முடிவு வந்தது. சீவினவர்களும் சும்மா தைத்துவிட்டவர்களும் ஒரே அளவுதான் குணமானார்கள். ஒன்றும் செய்யாதவர்களை விடக் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள், ஆனால் அந்த வித்தியாசம் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. அதே வருடம் பின்லாந்திலும் இதே மாதிரி பரிசோதனை செய்து, சீவுவதால் தனியாகப் பலன் இல்லை என்றே சொன்னார்கள்.

அப்படியென்றால் எலும்பு உரசுவது மட்டும் காரணம் இல்லை. நாண் தாங்குகிற அளவை விட வேலை அதிகமாகிவிட்டது, அதுதான் முக்கியம். இப்போது பல மருத்துவர்கள் 'இம்பிஞ்ச்மென்ட்' என்ற பெயரையே குறைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே வருகிற வலி என்கிற பொருளில் வேறு பெயர் சொல்கிறார்கள். நாண் என்பது பழைய மிஷின் பாகம் மாதிரி தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது உயிருள்ளது. மெல்ல மெல்லச் சுமை கொடுத்தால் பலப்படும்.

எனக்கு இருப்பது இந்த வலிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலி பெரும்பாலும் தோள் உச்சியில் தெரியாது. புஜத்தின் வெளிப்பக்கம், சின்ன வயதில் அம்மை ஊசி போட்ட தழும்பு இருக்குமே, அந்த இடத்தில்தான் குடையும். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. தோள் மட்டத்தை நெருங்கும்போது சுருக்கென்று பிடிக்கும். அதைத் தாண்டித் தலைக்கு மேலே போய்விட்டால் பல பேருக்கு விட்டுவிடும். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடி பிடிக்கும். ஜாக்கெட்டின் பின் ஊக்கு மாட்ட, கொண்டை போட, பரணில் இருந்து பாத்திரம் எடுக்க வலிக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கெடும்.

இன்னொரு சோதனை. வலிக்கிற கையைத் தளர்த்திவிட்டு வேறு ஒருவரைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் மேலே போகிறது என்றால் மூட்டு இறுகவில்லை. அவர் தூக்கினாலும் போகவில்லை, கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை என்றால் அது இறுகின தோள், எங்கள் அம்மாவுக்கு வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். அதற்கு வைத்தியம் வேறு மாதிரி, நாளும் அதிகம் பிடிக்கும். வலி கழுத்தில் தொடங்கி விரல் வரைக்கும் ஓடி மரத்துப் போனால் அது கழுத்தில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கீழே விழுந்த பிறகு அல்லது ஒரு வெடுக்கு இழுப்புக்குப் பிறகு கையைச் சுத்தமாகத் தூக்க முடியவில்லை என்றால், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நாண் முழுசாக அறுந்திருக்கலாம். சீக்கிரம் காட்டினால்தான் தைக்க முடியும், இங்கே ஆபரேஷன் உண்மையிலேயே தேவைப்படலாம். தோள் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே தோளும் வலித்தால், தோளிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு வைத்தியம் செய்திருந்தால், டாக்டரைப் பார்க்காமல் பயிற்சி ஆரம்பிக்க வேண்டாம். கையை அசைப்பதற்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாமல், நடந்தால் இடது தோளும் நெஞ்சும் இறுகி, வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால் அது தோள் இல்லை, இதயம். 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்வுப் பிடிப்பு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஸ்கேன் எடுக்கணுமா?" என்றுதான். விழுந்ததாலோ நான் இப்போது சொன்ன ஆபத்தான அறிகுறிகளாலோ வராத வலிக்கு, உடனே எம்.ஆர்.ஐ. தேவையில்லை. அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய, வலியே இல்லாத பல பேருக்கு ஸ்கேன் எடுத்தாலும் நாணில் கிழிசல் தெரியும். நரை முடி மாதிரி அதுவும் ஒன்று. ரிப்போர்ட்டில் "சவ்வு கிழிஞ்சிருக்கு" என்று பார்த்துவிட்டுப் பயந்துபோய்க் கையை அசைக்காமல் வைத்துக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குழுவில் கடன் வாங்கித்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், முதலில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

வலி மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்துச் சில நாள் போட்டால் தப்பில்லை. கடையில் வெறும் வாயால் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவதுதான் ஆபத்து. வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். தோளில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அதற்கு மேல் அதன் பலன் நிற்பதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலி தாங்காமல் தூக்கமும் போய், பயிற்சியும் செய்ய முடியாதவர்கள் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, வலி குறைந்த அந்த நாட்களில் பயிற்சியை ஆரம்பிக்கலாம். ஊசி போட்டதும் வலி போய்விட்டது என்று மறுநாளே செங்கல் தூக்கப் போனால் ஊசிக் காசு வீண்.

தைலம் தடவலாம், தவிட்டு ஒத்தடம் கொடுக்கலாம், இதமாக இருக்கும். சர்க்கரையால் தோல் மரத்துப் போனவர்கள் சூட்டை வேறொருவர் கையால் சோதித்துக்கொள்ளுங்கள், வெந்துபோவது தெரியாது. கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துச் சொடுக்கெடுப்பதற்கு மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மருந்து என்றால் பயிற்சிதான். அதற்குத் தினமும் என்னை மாதிரி ஆளிடம் வந்து கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். நான் இதைச் சொன்னால் என் தொழிலுக்கே நஷ்டம், ஆனாலும் சொல்கிறேன். 2021-இல் இங்கிலாந்தில் 708 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. சிலருக்கு இயன்முறை மருத்துவர் ஆறு தடவை வரைக்கும் கூட இருந்து பயிற்சி கொடுத்தார். மற்றவர்களுக்கு ஒரே ஒரு தடவை, நன்றாக விளக்கிச் சொல்லி, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே அளவு தேறியிருந்தது. ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் பஸ் செலவும் அரை நாள் கூலியும் மிச்சம்.

பயிற்சிக்கு முன்னால் வேலையைக் கொஞ்சம் மாற்றுங்கள். வேலையை விடச் சொல்லவில்லை, விட்டால் தவணை யார் கட்டுவது? அன்றாடம் எடுக்கிற டப்பாக்களை மேல் அலமாரியில் இருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். கொடியை ஒரு முழம் தாழ்த்திக் கட்டுங்கள். பரணில் இருப்பதை எடுக்க வீட்டில் உயரமான ஆம்பளை இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், அவர் தோள் நன்றாகத்தான் இருக்கும். நிறைகுடம் ஒன்றுக்குப் பதில் அரைக்குடம் இரண்டு நடை. நூறு நாள் வேலையில் சட்டியை நெஞ்சு மட்டத்திலேயே கை மாற்றுங்கள், வாங்குகிறவர் ஒரு படி இறங்கி நிற்கட்டும். பஸ்ஸில் மேல் கம்பி வேண்டாம், சீட்டின் முதுகுக் கம்பியைப் பிடியுங்கள். தைக்கிறவர்கள் முழங்கை உடம்பை ஒட்டி இருக்கிற மாதிரி நாற்காலியை உயர்த்திக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை தோளைக் கீழே இறக்கிவிடுங்கள். இராத்திரி வலிக்காத பக்கம் படுத்து, முன்னால் ஒரு தலையணையை அணைத்து, வலிக்கிற கையை அதன் மேல் போடுங்கள். தலையணை இல்லையென்றால் பழைய சேலையை மடித்து வையுங்கள்.

இனி பயிற்சி. வலி கடுமையாக இருக்கிற நாட்களில் நல்ல கையால் கட்டிலையோ மேசையையோ பிடித்துக் குனிந்து நின்று, வலிக்கிற கையைக் கிணற்றில் தொங்குகிற வாளி மாதிரித் தளர்வாக விட்டு மெல்ல ஆட்டுங்கள். கையால் ஆட்டாதீர்கள், உடம்பை அசைத்தால் கை தானாக ஆடும். இரண்டு நிமிடம் போதும். கூடவே, உட்கார்ந்த இடத்திலேயே முதுகில் இருக்கிற இரண்டு இறக்கை எலும்புகளையும் பின்னால் ஒன்றோடு ஒன்று சேர்க்கிற மாதிரி இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது.

அடுத்தது சுவர். வலிக்கிற கை சுவர்ப் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக அழுத்துங்கள். சுவரும் அசையாது, கையும் அசையாது, உள்ளே தசை மட்டும் வேலை செய்யும். பத்து எண்ணி விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, காலையும் மாலையும். அந்த நாலு தசையில் பின்பக்கம் இருக்கிறவற்றை இது எழுப்பும். பிறகு சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைக்கும் கீழே ஒரு துண்டை வைத்துச் சுவர் துடைக்கிற மாதிரி மேலே தள்ளுங்கள். எவ்வளவு போகிறதோ அவ்வளவு. சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

இரண்டு, மூன்று வாரத்தில் இது லேசாகத் தெரிந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். வலது தோளுக்கு என்றால் ஜன்னல் உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகாமல், முன்கையை மட்டும் வெளிப்பக்கம் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. இது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அதற்குப் பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கட்டைவிரல் மேலே பார்க்க, கையை நேர் முன்னாலும் இல்லாமல் நேர் பக்கவாட்டிலும் இல்லாமல் நடுவில் கோணலாகத் தூக்குங்கள். தோள் மட்டம் வரைக்கும் போதும். லேசானதும் ஒரு லிட்டர் பாட்டில்.

"வலிக்குமே?" என்பீர்கள். கொஞ்சம் வலிக்கும். பல்லைக் கடிக்கிற வலியாக இருக்கக் கூடாது. செய்யும்போது வந்த வலி அன்றைக்கு இராத்திரிக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. மறுநாள் காலையிலும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

எத்தனை நாள்? பன்னிரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, அங்கேதான் பத்தில் ஏழு பேர் விட்டுவிடுகிறீர்கள். இது ஆய்வுக் கணக்கு இல்லை, என் நோட்டுக் கணக்கு. குழு ஆரம்பித்த புதிதில் வாரம் ஐம்பது ரூபாய் போட்டபோது இதில் என்ன சேரப்போகிறது என்று எத்தனை பேர் கேட்டார்கள்! இதுவும் அந்தக் கணக்குதான். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அப்போது எலும்பு மருத்துவரைப் பாருங்கள், ஸ்கேனும் எடுக்கலாம். நாற்பது தாண்டியவர்கள் தோள் வலி என்று போனால் கூடவே சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே போவது என்று அங்கேயிருந்து ஒரு அக்கா கேட்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அதில் வீடு வீடாக வருகிற தன்னார்வலர்கள் உங்களைப் போல மகளிர் குழுவில் இருந்து வந்தவர்கள்தான். இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். ஆமாம், இவர்களிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வருவார்கள். நடக்க முடிந்தவர்கள் பிசியோதெரபி இருக்கிற அரசு மருத்துவமனை எது, எந்தக் கிழமை என்று இவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்? அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் சுவரோரம் நின்று இந்தப் பயிற்சியைச் செய்யலாம். தனியாக வீட்டில் செய்தால் மாமியார் கேட்பார், "சுவத்தைப் புடிச்சுட்டு என்ன பண்ற?" என்று. கூட்டமாகச் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. மூன்றாவது வரிசை அம்மா, சாப்பிட்டுவிட்டு ஊறுகாய்க் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற மர பெஞ்சுக்கு வாருங்கள், உங்கள் கையைப் பார்க்க வேண்டும். இடது கையால் தீர்மானம் போட்டவர்களும் வாருங்கள். சாயங்காலம் நாலு மணி பஸ் வரைக்கும் நான் அங்கேதான் இருப்பேன். சைக்கிள் டியூபும் நாலைந்து கொண்டுவந்திருக்கிறேன்.